ஊரிலிருந்து வரும் சொந்தம் நாயையும் கூட்டி வந்தால்: வட சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தம்பி குடும்பம் கோயம்புத்தூரில் தனி வீட்டில் நாய் வளர்க்கிறது. அவர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை. தண்டையார்பேட்டையில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஒரு ஹால், ஒரு ரூம் உள்ள போர்ஷனில் இருக்கும் அக்காவுக்கோ, அது ராத்திரி எங்கே படுக்கும், எங்கே ஒன்றுக்குப் போகும், மாமியார் என்ன சொல்வார் என்று வரிசையாகக் கவலை. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இந்தச் சண்டை சீக்கிரம் ஆறுவதில்லை. "எங்க நாய்க்கு இடமில்லாத வீட்ல எங்களுக்கு என்ன வேலை" என்று ஒரு தடவை வார்த்தை விழுந்துவிட்டால், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தும் பேசாமல் எழுந்து போவார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டில் தங்குகிறார்களோ, முடிவு அந்த வீட்டுக்காரர்களுடையது. டிக்கெட் போடும் முன்பே, காரைக் கிளப்பும் முன்பே அந்த முடிவைச் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்பவர், நாய்க்கு வேறு ஏற்பாடு தேடவும் கை கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த மூன்றையும் ஒட்டி வருவதுதான்.

1. முதலில் உங்கள் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

ஊரிலிருந்து போன் வரும். எடுத்தவர், பெரும்பாலும் வீட்டு ஆண், "நாய்தானே, கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். அப்புறம் முடியைப் பெருக்குவதும், ஹாலில் போன ஒன்றுக்கைத் துடைப்பதும், நாய் மோந்து பார்த்த பாத்திரத்தை மறுபடி கழுவுவதும் அந்த போன் பேச்சில் வாயே திறக்காத வீட்டுப் பெண்ணின் வேலையாகிவிடும். அந்த ஆத்திரம் நாய் மேல் காட்டப்படும், உண்மையில் அது புருஷன் மேல் உள்ள ஆத்திரம். அதனால் யார் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறாரோ அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் மனதார ஒப்பாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். கை பம்பிலோ லாரியிலோ பிடித்து டிரம்மில் சேர்த்து வைக்கும் வீட்டில், விருந்தாளிகள் நாலு பேருக்கே கூடுதல் தண்ணீர் வேண்டும். நாய் இருந்தால் தரையை ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை துடைக்க வேண்டியிருக்கும். கொடுங்கையூரில் போர் தண்ணீர் உள்ள தனி வீட்டுக்கும், காசிமேட்டில் குடத்தில் பிடித்து ஏற்றும் வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

உடம்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால், முடி கொட்டாத நாய்தான், ஒன்றும் ஆகாது என்று வருபவர்கள் சொல்வார்கள். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் செதிலிலும் இருக்கிறது. முடி குறைவான நாயானாலும் அது உதிரத்தான் செய்யும். மெத்தை, சோபா, திரைச்சீலையில் படிந்து, நாய் ஊருக்குப் போன பின்னும் வாரக்கணக்கில் தங்கும். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் இருப்பவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர் இருக்கும் வீட்டில் நாய் புண்ணை நக்குவது நிஜமாகவே ஆபத்து. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வேறு ஒரு பயத்தைக் கிளப்புவார்கள்: நாயால் கருவுக்கு ஆகாது என்று. அப்படிச் சொல்லப்படும் டாக்ஸோபிளாஸ்மா தொற்று பூனையின் கழிவோடு தொடர்புடையது, நாய் அதைப் பரப்புவதில்லை. எகிறிக் குதிக்கும் பெரிய நாய் வயிற்றில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டில் நாய் என்றாலே நடுங்கும் குழந்தை இருந்தால் அதுவும் முழுக் காரணம்தான். பழகிடும் பழகிடும் என்று சொல்லி நாலு நாள் ஒரே ரூமில் அடைத்தால் பயம் கூடத்தான் செய்யும். பாட்டிக்குப் பூஜை அறைப் பக்கம் நாய் வரக்கூடாது, திதி வரும் வாரத்தில் கூடாது என்றிருந்தால் அதையும் அப்படியே மதியுங்கள். பைரவருக்கு நாய்தானே வாகனம் என்று அவரிடம் வாதாடி ஜெயிப்பதால் யாருக்கும் லாபமில்லை.

2. வீட்டு ஓனரையும் பக்கத்துப் போர்ஷனையும் விட்டுவிடாதீர்கள்

ஒரே காம்பவுண்டில் அஞ்சாறு குடித்தனம், பொது நடை, பொது மாடிப்படி, சில இடங்களில் பொதுக் கழிவறை என்பது ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்றும் உண்டு. உங்கள் வீட்டு விருந்தாளி நாய், நடையில் கோலம் போடும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் விருந்தாளிதான். "சனிக்கிழமை என் தம்பி வரான்க்கா, கூட நாயும் வருது. மூணு நாள் இருக்கும். குலைச்சா கோவிச்சுக்காதீங்க, ஏதாவது தொந்தரவுன்னா என்கிட்டயே சொல்லுங்க" என்று முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பேர் பொறுத்துக்கொள்வார்கள்.

ஓனரோ கீழ் வீட்டுக்காரரோ முஸ்லிம் குடும்பமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபு வழி நடப்பவர்களின் முறை. தொழுகைக்கு உடுத்தும் துணியும் சுத்தமாக இருக்க வேண்டும். பொதுக் கொடியில் காயும் அவர்கள் துணியில் நாய் வாய் வைத்தால் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்து, நடையில் நாயைக் குறுகிய வாரில் பிடித்துக் கூட்டிப் போவதுதான் மரியாதை.

அடுக்குமாடிக் குடியிருப்பில், நாய்க்கு அனுமதியே கிடையாது என்று சங்கம் பொதுவாகத் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது, லிப்டில் ஏற்றக்கூடாது என்பதும் செல்லாது. ஆனாலும் மூன்று நாள் விருந்துக்காகச் செயலாளரோடு சட்டம் பேசிச் சண்டை போட நான் சொல்ல மாட்டேன். அவர்கள் ஊருக்குப் போன பின்னும் அந்தச் செயலாளரை நீங்கள் தினமும் லிப்டில் பார்க்க வேண்டும்.

3. போனில் கேட்க வேண்டிய கேள்விகள்

சரி, வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் அல்லது பாதி மனதோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்லும் முன் இவற்றைக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், நாயை ஒழுங்காக வளர்ப்பவர் இதற்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

ரேபிஸ் தடுப்பூசி எப்போது போட்டது? வாயால் சொன்னால் போதாது, தடுப்பூசிப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் ஊசி போட்டு ஏறத்தாழ நாலு வாரம் ஆன பிறகுதான் முழுப் பாதுகாப்பு என்று கொள்ள வேண்டும். ஆகவே கிளம்பும் முதல் நாள் அவசரமாகப் போட்ட ஊசி கணக்கில் வராது. அப்புறம் டாக்டர் சொல்லும் கெடுவில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ந்து போட்டிருக்க வேண்டும். பூச்சி மருந்து கொடுத்தார்களா, உண்ணி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உண்ணி ஒரு முறை சுவர் இடுக்கில் ஏறிவிட்டால் நீங்கள்தான் மாசக்கணக்கில் அல்லாட வேண்டும்.

வீட்டுக்குள் ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகாமல் பழகியிருக்கிறதா? புது இடத்தில் பழகிய நாய்கூட ஒரு முறை தவறும். அதை மன்னிக்கலாம். பழக்கமே இல்லாத குட்டி என்றால் கதை வேறு.

யாரையாவது கடித்திருக்கிறதா, சாப்பிடும்போது யாராவது கிட்டே போனால் உறுமுமா, சின்னப் பிள்ளைகளோடு இருந்து பழக்கமா? இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்று வரும் பதில் ஒரு பதிலே அல்ல. உங்கள் வீட்டில் தவழும் குழந்தை இருந்து, அந்த நாய் குழந்தைகளையே பார்த்திராதது என்றால், வேண்டாம் என்று சொல்ல அதுவே போதும்.

கடைசியாக ஒன்று, யாரும் கேட்பதில்லை: நீங்கள் வெளியே போகும்போது நாய் யாரோடு இருக்கும்? ஊரிலிருந்து வருபவர்கள் கல்யாணத்துக்கோ தி.நகருக்கோதான் வருகிறார்கள். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புவார்கள். அவ்வளவு நேரமும் நாய் உங்கள் வயதான அம்மாவோடு. சொந்தக்காரர் இல்லாத புது வீட்டில் அது கதவைப் பிறாண்டும், விடாமல் குலைக்கும். நான் பார்த்தவரை பெரிய மனத்தாங்கல்கள் இந்த இடத்தில்தான் வெடித்திருக்கின்றன. நாயின் ஆட்களில் ஒருவராவது எப்போதும் அதோடு இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகவே வையுங்கள்.

ரயிலில் வருவதாகச் சொன்னால் ஒரு தகவலைச் சொல்லி வையுங்கள். ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேருக்கான கூபேயையோ நாலு பேருக்கான கேபினையோ முழுதாக எடுத்தால்தான் நாயைத் தங்களோடு வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. மற்றபடி பார்சல் ஆபீசில் பதிவு செய்து கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் வர வேண்டும். ராத்திரி முழுக்க இரும்புக் கூண்டில் மிரண்டு சென்ட்ரலில் இறங்கும் நாய் அன்று பகல் முழுக்கத் தொட்டால் சீறும். இதைக் கேட்டே சிலர் மனதை மாற்றிக்கொள்வார்கள்.

4. வேண்டாம் என்று சொல்வது எப்படி

யார் பக்கத்துச் சொந்தமோ அவர்தான் சொல்ல வேண்டும். நாத்தனாரின் நாயை வேண்டாம் என்று மருமகள் சொன்னால், "வந்தவ எங்கள நுழையவிடாம பண்ணிட்டா" என்று அது பத்து வருஷம் பேசப்படும். அதையே அண்ணன் தங்கையிடம் சொன்னால் ஒரு நாள் கோபத்தோடு போய்விடும். மனைவியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கும் ஆண்களிடம் இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: நீங்களே பேசுங்கள். "அவளுக்குப் பிடிக்கல" என்று சொல்லாமல் "எங்களால முடியாது" என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், குடும்பக் குரூப்பில் அறவே கூடாது. போனில் பேசுங்கள். இப்படி இருக்கலாம்:

"நீங்க நாலு பேரும் கண்டிப்பா வரணும்டா, அம்மா நாள எண்ணிட்டு இருக்காங்க. ஜூலிய மட்டும் இந்த வாட்டி கூட்டிட்டு வர வேணாம். அம்மாவுக்கு ராத்திரில மூச்சு இழுக்குது, நாய் முடி ஆகாது. நீ அத விட்டுட்டு வர கஷ்டப்படுவன்னு தெரியும். உங்க ஊர்லயே நல்ல ஹாஸ்டலா பாரு, இல்ல இங்கதான் பக்கத்துல வேணும்னா நான் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன். பாதிச் செலவு என்னோடது."

இதில் நாயைப் பற்றி ஒரு குறை வார்த்தைகூட இல்லை. காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் உண்மையானது. காரணத்தை அடுக்க அடுக்க, எதிர்ப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஆரம்பிக்கும். பொய்க் காரணமும் வேண்டாம். ஓனர் விடமாட்டார் என்று சொல்லிவிட்டு, வந்த அன்று படிக்கட்டில் ஓனரே "நாயைக் கூட்டிட்டு வரலையாப்பா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டால் அந்த உறவை ஒட்ட வைப்பது கடினம். பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்பதும் முழு உண்மைதான். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

மாற்று ஏற்பாடு என்ன இருக்கிறது? நாய் ஹாஸ்டல்கள் சென்னையில் நிறைய வந்துவிட்டன. போட்டோவை நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள், மற்ற நாய்களுக்கும் அப்படித்தான் கேட்காமல் விட்டிருப்பார்கள். மாதவரம், கொளத்தூர்ப் பக்கம் தனி வீட்டில் நாய் வளர்க்கும் இன்னொரு சொந்தம் இருந்தால் அங்கே நாயும் அதன் ஆளும் தங்கி, பகலில் உங்கள் வீட்டுக்கு வந்து போகலாம். நாயோடு தங்க விடும் சர்வீஸ் அப்பார்ட்மென்ட் கிடைக்கும். எதுவும் அமையவில்லையென்றால் இந்த முறை நீங்கள் கிளம்பி அவர்கள் ஊருக்குப் போங்கள்.

"அப்ப நாங்க வரல" என்று சொன்னால்? "சரிடா, நீ எப்ப வந்தாலும் வீடு உன்னோடது" என்று சொல்லி வையுங்கள். கெஞ்சவும் வேண்டாம், அந்தக் கோபத்தில் முடிவை மாற்றவும் வேண்டாம். நாலு நாள் கழித்து வேறு ஏதாவது விஷயத்துக்காக நீங்களே முதலில் போன் செய்யுங்கள்.

5. "மொட்டை மாடியில் கட்டிப் போட்டுடறோம்" என்ற சமரசம்

எல்லாப் பேச்சும் கடைசியில் இங்கே வந்து நிற்கும். வீட்டுக்குள் விடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை என்பதால் இரண்டு பக்கமும் உடனே ஒத்துக்கொள்ளும். இருக்கும் வழிகளிலேயே மோசமானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கோடை லீவில்தான் சொந்தங்கள் வருகிறார்கள். கத்திரி வெயிலில் மாடியின் சிமென்ட் தரையில் நாம் வெறுங்காலோடு நிற்க முடியாது. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், ஹஸ்கி போன்றவை வெயிலில் சுருண்டு விழுந்து ஒரு மணி நேரத்துக்குள்கூடச் செத்துப் போகலாம். சின்டெக்ஸ் டேங்க் நிழல் மதியத்தில் நகர்ந்துவிடும், கட்டியிருக்கும் நாய் கூடவே நகர முடியாது. இரவில் புது ஊரில் தனியாக நின்று அது குலைக்கும், கீழே தெருநாய்கள் பதில் குலைக்கும். விடிகாலையில் மீன் பிடிக்கப் போகிறவர், ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் என்று தெருவே தூக்கம் கெட்டு உங்கள் வாசலில் வந்து நிற்கும். மாடியில் துணி காயும், வடாம் காயும், கருவாடு காயும். அதெல்லாம் மற்றக் குடித்தனக்காரர்களுடையது. நியாயமற்ற அளவு நீண்ட நேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாய் வந்தால் வீட்டுக்குள் மனிதர்களோடு இருக்க வேண்டும். அது முடியாத வீட்டுக்கு நாய் வரக்கூடாது. நடுவில் வேறு வழியைத் தேடாதீர்கள்.

6. நாயைக் கூட்டி வர நினைப்பவர்களுக்கு

கேட்கும் விதத்திலேயே பாதி அடங்கிவிடும். "ஜூலியையும் கூட்டிட்டு வரோம்" என்பது அறிவிப்பு. "அக்கா, ஜூலிய கூட்டிட்டு வரலாமா? முடியாதுன்னா தயங்காம சொல்லு, இங்க ஏற்பாடு இருக்கு" என்றால்தான் கேள்வி. அந்த ஏற்பாடு உண்மையிலேயே இருக்க வேண்டும். வேண்டாம் என்று வந்தால் ஏன் என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

சரி என்றால் நாயின் விரிப்பு, தட்டு, சாப்பாடு, கழுத்துப் பட்டை, வார், வாய்க்கவசம், கழிவை எடுக்கும் பைகள், பழைய துண்டுகள், துடைக்கும் துணி, தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் உங்களோடு வர வேண்டும். உங்கள் ஊரில் வாங்கிய உரிமம் இருந்தால் அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், தெருவில் வார் இல்லாமல் விட்டாலே கேள்வி வரும். அக்கா வீட்டுத் துடைப்பத்தையும் வாளியையும் நாய்க்காகத் தொடாதீர்கள். கிளம்பும் முன் குளிப்பாட்டி நன்றாகக் காய வைத்துக் கூட்டி வாருங்கள்.

7. சரி என்று சொன்ன வீடு தயாராவது

வட சென்னையில் பெருச்சாளித் தொல்லை இல்லாத வீடு அபூர்வம். கட்டிலுக்கு அடியிலும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலும் எலி மருந்து கேக் கிடக்கும், வைத்தவர்களுக்கே மறந்திருக்கும். முதல் வேலை அதைத் தேடி எடுத்துப் போடுவது. துணி அலமாரியில் போட்ட அந்துருண்டையும் நாய்க்கு விஷம்தான், கீழ்த்தட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும், அது நாய்க்கும் வரும் மனிதருக்கும் வரும். மழை மாசத்தில் வந்தால் தேங்கிய நீரில் நாயை இறங்க விடாதீர்கள்.

அப்புறம் ஒரு மூலை. ஃபேன் காற்று வரும், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் அதன் விரிப்பைப் போட்டுவிட்டு, அங்கே இருக்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

விருந்துச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கக்கூடாது என்று பாட்டிகளிடம் முன்பே சொல்ல வேண்டும், அவர்கள்தான் ஒளித்துக் கொடுப்பார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், நம் குழம்பில் அது இரண்டும் இல்லாமல் இருக்காது. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது. வேக வைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பு முள்ளும் தொண்டையில் மாட்டும்.

தேதியைப் பார்க்கும்போது சத்தத்தையும் பாருங்கள். தீபாவளி வாரம், ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குத் தெரு கட்டும் ஸ்பீக்கர் எல்லாம் முன்பே தெரிந்த விஷயங்கள். தெருவில் சாவு விழுந்தால் மேளமும் வெடியும் எந்த நேரமும் வரும். மிரளும் நாய் அந்த நேரத்தில் வாரை அறுத்துக்கொண்டு ஓடிவிடும், புதுத் தெருவில் அதற்கு வீடு திரும்ப வழி தெரியாது. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கட்டும். மேளச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டு, அதன் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

8. வந்து இறங்கும் நேரம்

காரை வாசலுக்கு நேராக நிறுத்தி, குறுகிய வாரில் பிடித்து இறக்குங்கள். தெருநாய்களுக்கு அது அவற்றின் எல்லை, புது நாயைச் சும்மா விடாது. கல்லால் அடித்தால் இன்னும் கூட்டம் சேரும். ஒவ்வொரு தெருவிலும் அந்த நாய்களுக்குச் சோறு வைக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் முன்பே சொல்லி வாசலில் நிற்க வைத்தால் அவர் ஒரு அதட்டலில் அடக்கிவிடுவார்.

உள்ளே நுழையும் முன் தெருவிலோ காலி இடத்திலோ ஒன்றுக்குப் போக வையுங்கள். வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒன்றாகச் சூழ்ந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்திருங்கள், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும். உடம்பு விறைத்து நிற்பது, திரும்பத் திரும்ப உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உறுமுவது எல்லாம் தள்ளிப் போ என்று அது சொல்லும் விதம். உறுமியதற்காக அடிக்காதீர்கள், அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

9. தங்கும் நாட்களில்

காலையில் லாரி போக்குவரத்தும் வெயிலும் ஏறும் முன் ஒரு நடை, இருட்டிய பின் ஒரு நடை. கூட்டிப் போவது வந்தவர்கள் வேலை, கழிவை எடுப்பதும் அவர்கள் வேலைதான். மீன் மார்க்கெட் பக்கம் வேண்டாம்: கழிவு மீனைத் தின்று வயிற்றுப்போக்கில் வந்து நிற்கும், அங்கே தெருநாய்களும் அதிகம். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போய்விட்டால் அம்மோனியா வாடை உள்ள கிளீனரால் துடைக்காதீர்கள், அதே இடத்தில் மறுபடி போகும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, வினிகர் கலந்த தண்ணீரால் இன்னொரு முறை துடைத்தால் வாடை போய்விடும்.

செருப்பைக் கடித்தாலோ மெத்தையைக் கிழித்தாலோ வந்தவர்கள் கேட்காமலே காசு கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர்கள் ஒரு முறை வேண்டாம் என்று சொல்வார்கள். அப்போதும் கையில் திணித்துவிடுங்கள்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி, வட சென்னைக்காரர்களுக்கு ஆட்டோ தூரம்தான்.

10. கடித்துவிட்டால், கீறிவிட்டால்

யார் மேல் தப்பு என்ற பேச்சை அப்படியே நிறுத்துங்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். குழாய் இல்லையென்றால் மக்கில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவசமாக ஊசி போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறைப்படி முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று போட வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் முதல் நாளே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும், அதை டாக்டர் முடிவு செய்வார். ரத்தம் வந்த கீறலும் கடிக்குச் சமம்தான்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று வந்தவர்கள் சொன்னாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. அதனால் இந்த இடத்தில் சொந்தம், மனஸ்தாபம் எதையும் பார்க்கக் கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ முறை, ஊசியை அதற்காகத் தள்ளிப் போடக்கூடாது. அதற்குள் அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டால், நாய் நன்றாகச் சாப்பிடுகிறதா, நடத்தையில் மாற்றம் உண்டா என்று அந்தப் பத்து நாளும் தினமும் போனில் சொல்வது அவர்கள் கடமை. கோபத்தில் பேசாமல் இருக்கும் வீடுகள்கூட இந்த ஒரு போனை நிறுத்தக் கூடாது. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாள் எல்லாம் நாயின் ஆட்கள் பொறுப்பு.

11. சொல்லாமல் நாயோடு வாசலில் வந்து நின்றால்

ராத்திரி பத்து மணி, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில், காரிலிருந்து நாயும் இறங்குகிறது. வாசலில் நின்று பேச வேண்டாம், தெரு முழுக்கக் கேட்கும். வீசிங் உள்ளவரோ கைக்குழந்தையோ இல்லையென்றால் அந்த ஒரு ராத்திரி உள்ளே விடுங்கள், நாயும் அதன் ஆளும் ஒரு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். காலையில் காப்பி குடித்த பின் யார் சொந்தமோ அவர் தனியாகக் கூப்பிட்டு, "நேத்து ராத்திரி அனுப்ப மனசு வரல. ஆனா இங்க வச்சுக்க முடியாது, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டல் பார்த்துடலாம், நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்களே வண்டியை எடுங்கள். ஒரு ராத்திரியைச் சாக்காக வைத்து ஒரு வாரம் ஓட்ட விட்டால் அடுத்த முறையும் சொல்லாமல்தான் வருவார்கள். வீசிங் உள்ளவர் இருக்கும் வீட்டில் அந்த ஒரு ராத்திரியும் வேண்டாம். வந்தவர்களில் ஒருவரும் நாயும் அன்றிரவு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர்களுக்குப் பாய் போடுங்கள்.

12. அவர்கள் ஊருக்குப் போன பிறகு

மெத்தை உறை, திரைச்சீலை, மிதியடியைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். சோபா இடுக்கு, கட்டில் அடி, சுவர் ஓரங்களில் உண்ணி இருக்கிறதா என்று ஒரு வாரம் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பே சொல்லி வைத்த பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நாய் கிளம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எது சரியாக இருந்தது, எது முடியவில்லை என்பதை ஒரு வாரத்துக்குள் போனில் அவர்களிடம் பேசிவிடுங்கள். "ஜூலி சமத்தா இருந்துச்சு. ஆனா நீங்க கல்யாணத்துக்குப் போன அன்னிக்கு அம்மா ரொம்பத் தவிச்சுட்டாங்க, அடுத்த வாட்டி யாராவது ஒருத்தர் கூட இருங்க" என்று சொல்லிவிட்டால், அடுத்த லீவுக்கு அவர்கள் அதைக் கணக்கில் வைத்தே கேட்பார்கள்.